சம்பா சாய்ந்து கிடக்கும் நேரத்தில் கடைப் பக்கத்தில் என்ன எழுதுவது?

துறைப்பூண்டி அரிசிக்கடை

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மரபு அரிசியும் அவலும் கஞ்சிமாவும் விற்கிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா, பூங்கார். கடை என்பது வீட்டு முன்பக்கம்தான். விற்பனையில் முக்கால்வாசி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, பெங்களூர்.

அறுப்பு நேரத்தில் பெய்த மழையில் எங்களுக்கு நெல் தருகிறவர்களின் வயல் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. மரபு ரகம் உயரமாக வளரும், காற்றோடு மழை வந்தால் முதலில் சாய்வது அதுதான். வயலில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. எங்களிடம் பழைய இருப்பு கொஞ்சம் இருக்கிறது, பொங்கலுக்குப் பிறகு போடுவதற்காகத் தள்ளுபடி அறிவிப்பு ஒன்றும் தயாராக இருக்கிறது. ஊரே வரப்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "இன்றைய சலுகை" என்று போட மனம் வரவில்லை. போடாமல் இருந்தாலோ, பாக்கெட் கட்டுகிற இரண்டு பெண்களுக்குக் கூலி எங்கிருந்து வரும்?

இதற்கு முன் புயல், ஊரடங்கு, தண்ணீர் வராத குறுவை என்று பார்த்தவர்கள் சொல்லுங்கள். பேசாமல் இருப்பதா, பேசுவதா? பேசினால் என்ன பேசுவது?

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை

முதலில் ஷெட்யூல் செய்து வைத்த பதிவுகளை நிறுத்துங்கள் அம்மா. மெட்டா பிசினஸ் சூட்டில் பிளானர் என்று இருக்கும், அதைத் திறந்தால் இனி வரப்போவது எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். அடுத்து, பணம் கட்டிப் போட்ட விளம்பரம் ஓடுகிறதா பாருங்கள். நாம் எழுதாமல் இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகிற வரவேற்புச் செய்தி. "24 மணி நேரத்தில் அனுப்புகிறோம்" என்று எப்போதோ எழுதி வைத்திருப்போம். கூரியர் வண்டியே வராத வாரத்தில் அது பொய்யாகிவிடும்.

இதற்கு அரை மணி நேரம் போதும். என்ன எழுதுவது என்பதை அப்புறம் யோசிக்கலாம்.

பேராவூரணி கயிறு

கஜா 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி எங்கள் பக்கமாகத்தான் உள்ளே வந்தது. மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. செல்போன் டவர் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை, தலைக்கு மேல் கூரை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆனால் வெளியூரில் ஆர்டர் கொடுத்துப் பணம் அனுப்பியவர்களுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோமா, பணம் போய்விட்டதா என்று எதுவும் தெரியாது.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். திருச்சியில் இருக்கும் என் தங்கை மகனிடமும் பக்கத்தின் நிர்வாக அனுமதி இருந்தது. யாரோ பைக்கில் போய் அவனிடம் சேதி சொன்னார்கள், அவன் நான்கு வரி எழுதினான். "எல்லோரும் நலம். ஆலைக் கூரை போய்விட்டது. உங்கள் ஆர்டர் எல்லாம் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. மின்சாரம் வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்." அதற்குப் பிறகு யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே டெல்டாவில் கடை வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான். மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்குப் பக்கத்தின் அனுமதியைக் கொடுத்து வையுங்கள். அவரிடம் ஆர்டர் பட்டியலும் இருக்கட்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இன்னொன்று. புயல் போன பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்ன எழுதுவது என்பதுதான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. தென்னை விழுந்தால் புதுக்கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்து ஆறு வருடம் ஆகும், நாட்டு ரகம் என்றால் இன்னும் கூட. செய்தித்தாள் ஒரு மாதத்தில் எங்களை மறந்துவிட்டது. எங்களுக்கு மட்டையும் இல்லை, நாரும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து நார் வாங்கித்தான் கயிறு திரித்தோம். அதை அப்படியே எழுதினோம்: "இது நம் ஊர் நார் இல்லை, வாங்கி வந்தது. திரிப்பது நம் ஊர்ப் பெண்கள்." சிலர் விலகினார்கள். நின்றவர்கள் இன்று வரை நிற்கிறார்கள். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும் அக்கா. உங்கள் விவசாயிகளிடம் நெல் இல்லாமல் வேறு மாவட்டத்தில் வாங்கினால், அதை மறைக்காதீர்கள்.

குடந்தை டிசைன்

கும்பகோணத்தில் சில கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் மாறுபடுகிறேன். துக்கம் காப்பது வேறு, வியாபாரத்தை மூடுவது வேறு. ஒரு மாதம் எதுவும் போடாத பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களே மறந்துவிடுவார்கள், திரும்ப எழுப்புவது பெரிய பாடு. அக்காவிடம் இருப்பது பழைய சரக்கு, வாங்குகிறவர் சென்னையில் இருக்கிறார், அவர் வயலில் தண்ணீர் நிற்கவில்லை. தள்ளுபடி போட்டால் சரக்கு நகரும், கூலி கொடுக்கலாம். இதில் என்ன தப்பு?

திருபுவனம் தறி

தம்பி, தப்பு தள்ளுபடியில்தான் இருக்கிறது, விற்பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். புது நெல் வராது, அதனால் இருக்கும் அரிசிக்கு மதிப்பு கூடுகிறது. அந்த நேரத்தில் விலையைக் குறைத்து அவசரமாகத் தள்ளினால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? நனைந்த சரக்கு என்றுதான் நினைப்பார். விளைவித்தவர் என்ன நினைப்பார்? என் நெல்லுக்கு இவ்வளவுதான் விலையா என்பார். சரியான விலையைச் சொல்லி, இருப்பு இவ்வளவுதான் என்று சொல்லி விற்பது யாருக்கும் அவமானம் இல்லை.

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தபோது எங்களுக்குக் கல்யாணப் பட்டு ஆர்டர் எல்லாம் அந்தரத்தில் நின்றது. முகூர்த்தம் தள்ளிப் போனது, பாதிப் பேர் வீட்டு வாசலிலேயே தாலி கட்டினார்கள். அப்போது பாதி விலை என்று போட்டவர்கள் பிறகு பழைய விலைக்குத் திரும்ப மிகவும் திண்டாடினார்கள். நாங்கள் செய்தது வேறு. ஆர்டர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக எழுதினோம்: சேலை தறியில் எந்த அளவில் இருக்கிறது, தேதி மாறினாலும் விலை மாறாது, வேண்டாம் என்றால் முன்பணம் எப்போது திரும்பும். பொதுப் பதிவு குறைவு, தனிச் செய்தி அதிகம். கஷ்ட காலத்தில் அதுதான் பலன் தருகிறது என்பது என் அனுபவம்.

நாகை கருவாடு

திருபுவனத்தார் சொல்வது சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பேச்சு, வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பேச்சு. பொய் சொல்லச் சொல்லவில்லை, தேவை வேறு என்கிறேன். நாகையில் இருப்பவருக்குக் கடை திறந்திருக்கிறதா, சில்லறையாகக் கிடைக்குமா, கடன் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. சென்னையில் இருப்பவருக்குப் பார்சல் எப்போது வரும் என்பது கேள்வி. இரண்டையும் ஒரே பதிவில் போட்டால் இருவருக்கும் எரிச்சல் வரும்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், இது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் நல்ல காலத்திலேயே ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சீட்டு வைத்து அனுப்ப வேண்டும்.

எங்களுக்குக் கஷ்ட காலம் வருடா வருடம் தேதி குறித்தே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் விற்பதற்குக் குறைவாகத்தான் இருக்கும். கருவாட்டை எப்படி வைத்துக்கொள்வது, உப்பு அதிகமானால் எப்படிக் குறைப்பது, எந்தக் கருவாடு எந்தக் குழம்புக்கு ஆகும் என்று எழுதுவேன். கடல் திறந்ததும் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பெயர் மட்டும் எழுதிக்கொள்வேன், பணம் வாங்க மாட்டேன். சரக்கு கைக்கு வருவதற்கு முன் முன்பணம் வாங்கினால் கஷ்டம் இரண்டாகிவிடும். நீங்களும் இப்போது கையில் பணம் இல்லையே என்று அடுத்த விளைச்சலுக்கு முன்பதிவு வாங்கிவிடாதீர்கள் தங்கச்சி. அடுத்த மழையை யார் கண்டது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புயல், வெள்ளம் என்று வருகிற செய்தியைக் கடைப் பக்கத்திலிருந்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். பழைய காணொளியைப் புதிது என்று அனுப்புகிறார்கள். நம் பக்கத்தை நம்பிப் படிக்கிறவர்கள் பயந்து போவார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 54 இதற்காகவே இருக்கிறது. பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை. வானிலை மையம் சொன்னதையும் மாவட்ட நிர்வாகம் சொன்னதையும் போடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐப் போடுங்கள். அது போதும்.

கோட்டூர் விவசாயி

நான் கடைக்காரன் இல்லை, நெல் போடுகிறவன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதுகிறேன், கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மழைக்கும் எங்கள் வயலுக்குப் போன் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாய்ந்த கதிரைக் கையில் எடுத்து, முளை விட்ட நெல்லைக் காட்டி, அழச் சொல்லாத குறைதான். அந்தப் படம் ஏதோ ஒரு கடைப் பக்கத்தில் "விவசாயியைக் காப்போம், இன்றே ஆர்டர் செய்யுங்கள்" என்று வருகிறது. அதில் எனக்கு என்ன வந்தது? அந்தக் கடை என்னிடம் ஒரு மூட்டை வாங்கியதில்லை. 2023-இல் ஜூன் 12 மேட்டூர் திறந்தும் கடைமடையில் குறுவை தண்ணீர் இல்லாமல் காய்ந்தது, அப்போதும் வெடித்த நிலத்தைப் படம் எடுத்தார்கள். வெயில் என்றாலும் மழை என்றாலும் நாங்கள் படத்துக்கு ஆகிறோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வருகிற நேரம் இது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதினால்தான் நிவாரணம். அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர் "எங்கள் விவசாயிகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, சரக்கு தாராளமாக இருக்கிறது" என்று எங்கள் ஊர்ப் பெயரோடு போட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும்? விற்பனைக்காக எழுதுகிற ஒரு வரி எங்கே போய்ப் படும் என்று யாரும் யோசிப்பதில்லை.

படம் போடுங்கள். ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். என் பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். என்னிடம் கிலோ என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அப்போது நான் நம்புகிறேன்.

துறைப்பூண்டி அரிசிக்கடை

அண்ணே, கோபம் நியாயமானது. படம் எதுவும் போடவில்லை, போடப் போவதும் இல்லை. வாங்கிய விலையைப் போடுவது பற்றி வீட்டில் பேசினோம். போடலாம் என்றே முடிவு செய்திருக்கிறோம். அறவைக் கூலி, தவிடு உமி போக நிற்கிற அரிசி, பாக்கெட், கூரியர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் எங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

இன்னும் இரண்டு கேள்வி. முதலாவது, மழைச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சில வாடிக்கையாளர்கள் "விவசாயிகளுக்குக் கொடுங்கள்" என்று எங்கள் ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். இரண்டாவது, நனைந்த நெல்லை நாங்கள் வாங்கி அரிசியாக்கினால் நிறம் மங்கும். அதைச் சொல்லி விற்கலாமா?

திருபுவனம் தறி

கடைக் கணக்கில் நன்கொடை வாங்காதீர்கள். எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் விற்ற காசும் தானக் காசும் ஒன்றாகக் கலந்த பிறகு பிரித்துக் காட்ட முடியாது. ஊரில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும், எத்தனை வருடப் பெயரும் போய்விடும். உதவ நினைப்பவர்களிடம், விருப்பம் தெரிவித்த விவசாயியின் வங்கிக் கணக்கையே, அவர் சம்மதத்தோடு தனிச் செய்தியில் கொடுங்கள். பொதுப் பதிவில் கணக்கு எண் போட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் என்றால் சட்டம் வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கோட்டூர் விவசாயி

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். முளை விட்டது ஆகாது, அதை எடுக்காதீர்கள். முளை விடாமல் ஈரமாக மட்டும் இருப்பதை உடனே புழுக்கிக் காய வைத்தால் புழுங்கலாகத் தேறும். நிறம் கொஞ்சம் மாறும், நொய் அதிகம் விழும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதுதான் வழக்கமான வரம்பு, அதற்கு மேல் போனால் சாலையோரத்தில் கொட்டிக் காய வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். அதை நீங்கள் சரியான விலைக்கு எடுத்தால் அதுதான் உதவி. நன்கொடையைவிட அது எங்களுக்குக் கௌரவமாக இருக்கும்.

நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை

அப்படியென்றால் அதைத் தனிச் சரக்காகவே போடுங்கள் அம்மா. நல்ல அரிசியோடு கலக்கக் கூடாது. பழைய அரிசி ஒரு கை, இந்த அரிசி ஒரு கை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஃபில்டர் எதுவும் வேண்டாம். "மழையில் நனைந்த நெல், உடனே புழுக்கியது, நிறம் இப்படி இருக்கும், நொய் கூடுதல், கஞ்சிக்கும் இட்லிக்கும் நன்றாக இருக்கும்" என்று எழுதுங்கள். சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். படத்தில் பார்த்ததும் பார்சலில் வந்ததும் ஒன்றாக இருந்தால் புகார் வராது.

குடந்தை டிசைன்

சரி, தள்ளுபடி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். நனைந்த நெல் அரிசியைத் தனியாகக் காட்டுவது நல்ல யோசனை, அதை ரீலாகவே எடுக்கலாம்: புழுக்குவது, காய வைப்பது, அரைப்பது. யார் முகமும் தேவையில்லை, கைகள் போதும்.

என் பங்குக்கு வேலை சம்பந்தமான சில விஷயங்கள். அறிவிப்பைப் படத்துக்குள் மட்டும் எழுதாதீர்கள். மழை நாளில் சிக்னல் மோசமாக இருக்கும், படம் திறக்காது, எழுத்து மட்டும் வந்துவிடும். கீழே கேப்ஷனிலும் முழுதாக எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவு வரை மேலே பின் செய்யலாம், முதலிடத்தில் இந்த அறிவிப்பு இருக்கட்டும். ஸ்டோரியும் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் அங்கே அன்றன்றைய நிலவரம் மட்டும் போதும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளை என்று இருக்கிறது, பதிலை ஒருமுறை எழுதி வைத்தால் சாய்கோடு போட்டுக் கூப்பிடலாம். ஆனால் கோபமாகக் கேட்கிறவருக்கு அந்தத் தயார் பதிலை அனுப்பாதீர்கள், அவருக்குக் கையால் எழுதுங்கள்.

வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். 2021 அக்டோபர் 4 இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் மணிக்கணக்கில் நின்றன. அன்று நோட்டு வைத்திருந்தவர்கள்தான் போன் போட்டுப் பேசினார்கள்.

நாகை கருவாடு

பதில் எழுதுகிறவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் போனைப் பார்ப்பது மகளோ மருமகளோதான். பகலெல்லாம் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துவிட்டு இரவு பன்னிரண்டு மணிக்கு "ஏன் இன்னும் வரவில்லை" என்பதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பாள். "காலை 10 முதல் மாலை 5 வரை பதில் தருவோம்" என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டு, ஐந்து மணிக்குப் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

துறைப்பூண்டி அரிசிக்கடை

எல்லோருக்கும் நன்றி. கீழே இருப்பதை நாளைக் காலை போடலாம் என்றிருக்கிறோம். பார்த்துச் சொல்லுங்கள்.

"வணக்கம். எங்கள் பகுதியில் அறுவடை நேரத்து மழையால் சம்பா வயல்களுக்குப் பெரிய சேதம். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் சென்ற ஆண்டு இருப்பு இருக்கிறது, விலையில் மாற்றம் இல்லை. கருப்புக் கவுனி இப்போது இல்லை. பார்சல் விரைவில் அனுப்புவோம். மழையில் நனைந்த நெல்லைச் சரியான விலைக்கு வாங்கிப் புழுக்கிக்கொண்டிருக்கிறோம். அந்த அரிசி தனியாக வரும், அது எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் கொடுத்த விலையையும் அப்போது சொல்கிறோம். நன்கொடை நாங்கள் வாங்குவதில்லை. காலை 10 முதல் மாலை 5 வரை பதில் தருவோம்."

கோட்டூர் விவசாயி

"பெரிய சேதம்" என்று எழுதியது சரி. போடுங்கள்.

பேராவூரணி கயிறு

"விரைவில்" என்பதை எடுத்துவிடுங்கள் அக்கா. கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டு வண்டி எந்தக் கிழமை எடுக்கிறது என்று கேட்டு, அந்தக் கிழமையை எழுதுங்கள். தெரியவில்லை என்றால் "வண்டி ஓடத் தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்கிறோம்" என்று எழுதுங்கள். எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

துறைப்பூண்டி அரிசிக்கடை

கேட்டுவிட்டேன் அண்ணே. இங்கிருந்து எடுப்பதில்லை, மன்னார்குடியில் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்களும் வியாழனும் எடுத்துக்கொள்கிறார்களாம். "திங்கள், வியாழன்" என்று மாற்றிவிட்டேன். தங்கை திருச்சியில் இருக்கிறாள், அவளுக்கும் பக்கத்தின் அனுமதி கொடுத்தாயிற்று.

குடந்தை டிசைன்

கூகுள் மேப்பில் உங்கள் கடை இருந்தால் அங்கேயும் சிறப்பு நேரம் என்ற இடத்தில் இந்த வாரத்துக்கான நேரத்தை மாற்றிவிடுங்கள் அக்கா. "தற்காலிகமாக மூடப்பட்டது" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நீங்கள் மூடவில்லையே.